கப்பலின் அடிவயிற்றுச் சிவப்பு

எங்கள் பகுதிக்குப் பேப்பர் வந்து சேருவதற்கு முன்னமே புகை வந்துவிடும். பேப்பர் கொழும்பில் இரவு ரயிலேறி, ஆடி ஆடிக் காங்கேசன்துறைவரை வந்து, கட்டவிழ்ந்து, ஒருவருடைய சைக்கிளில் ஏறி என் கடைக்கு வரும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். புகைக்கு அந்தத் தாமதம் கிடையாது. நான் கடைப் பலகைகளைக் கழற்றி வைக்கும்போதே வடக்கே சீமெந்து ஆலையின் புகைக்கூண்டுக்கு மேலே எழுந்து நிற்கும். தடித்த புகையென்றால் நாடு நன்றாக இருக்கிறது. மெல்லிய புகையென்றால் எங்கோ ஏதோ சரியில்லை. புகையே இல்லையென்றால் எனக்குத் தேத்தண்ணீர் தொண்டைக்குக் கீழே இறங்காது.

தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற வீதியில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. திருத்துவதும் வாடகைக்கு விடுவதும்தான் தொழில். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. மண்டையில் ஏறாததால் நிற்கவில்லை. பரீட்சை என்ற சொல்லைக் கேட்டால் வயிறு கலங்கி, கேள்வித்தாள் கைக்கு வரும்போது நான் கொல்லைப்புறத்தில் இருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு நாட்டு நிலைமை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கவலைப்படுகிறவனுக்குச் சொந்தக் கவலை போதாது. அது தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று அடுத்த கவலையைத் தேடி வைத்துக்கொள்வான்.

ஆலைத் தூசிதான் எங்கள் பக்கத்துப் பனி. வேலி இலைகளில், கிணற்றுக்கட்டில், கொடியில் காயும் வேட்டியில் எல்லாம் மெல்லிய சாம்பலாகப் படிந்திருக்கும். ஊர்ப் பெண்கள் திட்டிக்கொண்டே உதறுவார்கள். நான் காலையில் ஒரு சைக்கிள் இருக்கையில் விரலை ஓட்டிப் பார்த்து, விரல் நரைத்திருந்தால், "அப்பாடா, ஓடுது" என்று மனதுக்குள் துள்ளுவேன். ஆலையில் மிகைநேர வேலை இருந்தால் தொழிலாளிகள் புது ரயர் போடுவார்கள், டைனமோ விளக்குப் பூட்டுவார்கள், மணியைக்கூட மாற்றுவார்கள். வேலை குறைந்தால் ஒட்டின இடத்திலேயே மறுபடி ஒட்டச் சொல்வார்கள். சாமான் வரத்து நின்றிருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, ரியூப்பே தெரியாமல் ஒட்டு மட்டும் வட்டமாக ஓடிய சைக்கிள்களைக் கண்டிருக்கிறேன். ஒட்டுவதற்கென்று சனம் வரிசையில் நிற்கும். நாட்டுக்குக் கஷ்டம், எனக்கு உழைப்பு. சந்தோசப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பழகினேன்.

புகையைவிடப் பெரிய கணக்கு ஒன்று கடலில் இருந்தது. அதை எனக்குக் காட்டித் தந்தவர் வத்தைக்காரர். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மூட்டைகளை ஏற்றி இறக்கும் பெரிய தோணிதான் வத்தை. அவர் வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கடலோடிக் குடும்பம். குரல் மட்டும் ஒரு பர்லாங்குக்குக் கேட்கும். காலையில் என்னிடம் சைக்கிள் வாடகைக்கு எடுத்துப்போய், மாலையில் உப்புப் பூத்ததாகத் திருப்பித் தருவார்.

கப்பலின் அடிப்பகுதிக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருப்பார்கள். வெறுங்கப்பல் மிதந்து நிற்கும், சிவப்பு நன்றாகத் தெரியும். பாரமேறிய கப்பல் அமிழ்ந்து நிற்கும், சிவப்பு தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே எங்கள் வீதியில் காலை வணக்கமே வேறு மாதிரி.

"என்னண்ணை, சிவப்புத் தெரியுதோ?"

சிவப்புத் தெரிந்தால் கப்பல் வெறுமையாக வந்து சீமெந்து ஏற்றப்போகிறது, ஆலைக்கு நல்லது. தெரியாவிட்டால் வெளிநாட்டுச் சாமானோடு வந்திருக்கிறது, வத்தைக்காரருக்கு இறக்குகிற வேலை. யாருக்கு நல்லது, யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டில் எழுதியிருந்தது. எல்லோருக்காகவும் சேர்த்துக் கவலைப்பட நான் ஒருவன் இருந்தேன்.

அப்புறம் அவளுடைய சைக்கிளின் பின் சில்லுக்குக் காற்றுப் போகத் தொடங்கியது.

அவள் கட்டுவனிலிருந்து வருவாள். வெள்ளிக்கிழமைகளில் மாவிட்டபுரம் கோயிலுக்குப் போகும் வழியில் இறங்கி, "காத்துப் போட்டுது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் சில்லைக் கழற்றி, ரியூப்பை எடுத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று உயிரைக் கொடுத்துப் பார்ப்பேன். ஒரு குமிழியும் வராது. வால்வை மாற்றினேன். ரியூப்பையே மாற்றினேன். அடுத்த வெள்ளியும் காற்றுப் போய் வந்தது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. கையில் ஏதோ தோஷம், தொழில் மறந்துபோகிறது என்று பயந்து வத்தைக்காரரிடம் சொன்னேன். அவர் சைக்கிள் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்.

"தம்பி, ஓட்டை ரியூப்பிலை இல்லை."

"வேறை எங்கை அண்ணை?"

"உன்ரை மண்டையிலை. அந்தப் பிள்ளை வழியிலை இறங்கி, தானே காத்தைத் திறந்து விட்டிட்டு வாறதை நான் ரெண்டு தரம் கண்டிட்டன். விசரா, சம்பந்தம் பேசு!"

அன்று முழுக்க நான் எத்தனை பேருடைய சில்லுக்கு எவ்வளவு காற்றடித்தேனோ தெரியாது. ஒரு ரியூப் வெடித்தது. சிரித்துக்கொண்டே புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

என் அக்கா அச்சுவேலியிலிருந்து வந்து, அவள் வீட்டுக்குப் போய்க் கதைத்தாள். சாதகம் பொருந்தியது. அவளுடைய தகப்பனை நான் மாமா என்று கூப்பிடத் தொடங்கினேன். மாமா வெங்காயம் பயிரிடுகிற ஒரு கமக்காரர். நெடிய மனிதர், மழையோ வெயிலோ கையில் குடை. செம்மண் நகக்கண்ணில் ஏறி அங்கேயே குடியிருக்கும். இந்தியாவிலிருந்து வெங்காயம் வராமல் தடுத்து வைத்திருந்த ஆண்டுகளில் அந்தச் செம்மண் அவருக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தது. கவலைப்படுவதில் எனக்கு ஒருவர் நிகராக இருந்தார் என்றால் அது அவர்தான். என்னைப் போலவே காலையில் புகையைப் பார்ப்பார், பிறகு கடைக்கு வந்து கடல் நிலவரம் கேட்பார். அவளுக்கு என்னைப் பிடித்ததற்கே இந்தக் கவலைதான் காரணம் என்று பிற்காலத்தில் சொன்னாள். வீட்டில் பழகின வியாதிதானாம்.

வைகாசியில் கலியாணம் என்று நாள் வைத்தார்கள். அதற்கு முந்திய புதன்கிழமை பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரத்தில் உருக்குகிற சடங்கு அது. பொன் உருகும்வரைதான் எதையும் தள்ளி வைக்கலாம், ஒத்தி வைக்கலாம், யோசிக்கலாம். உருகிவிட்டால் உருகினதுதான்.

மாமாவின் வெங்காயம் கொட்டில் நிறையப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கியது. விலை ஏற ஏறக் கழற்றி விற்பார். கலியாணச் செலவு அத்தனையும் அந்தக் கொட்டிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் ஆட்சி மாறி, இறக்குமதிக் கதவு திறந்துவிட்டது. கடைகளில் காணாத சாமானெல்லாம் வரத் தொடங்கியது. வெளிநாட்டு ரயர் வந்தது, ஒட்டு வேலை குறைந்து எனக்கு மூச்சு முட்டியது. வெங்காயமும் வரும் என்று கதை அடிபட்டது, மாமாவுக்கு மூச்சு நின்றது.

பொன்னுருக்குக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை வத்தைக்காரர் கடைக்குள் பாடிக்கொண்டு வந்தார். மாமா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"சிவப்புத் தெரியுதோ?" என்றேன்.

"சிவப்போ? ஒரு சாண் கூட இல்லை! நல்லாய்த் திண்டு போட்டு எருமை மாதிரி அமிழ்ந்து கிடக்குது. எங்களுக்கு இனி மூண்டு நேரமும் மீன் குழம்புதான்!"

மாமாவின் குடை நழுவியது. "உள்ளை என்னவாம்?"

"ஆருக்குத் தெரியும் கமக்காரர்? கடுதாசி வேலை முடியேல்லையாம். இன்னும் மூடி திறக்கேல்லை. தேத்தண்ணிக் கடையிலை பம்பாய் வெங்காயம் எண்டு கதைக்கிறாங்கள். அவங்கள் கதைக்கிறதுதானே."

மாமா எழும்பினார். இருந்தார். மறுபடி எழும்பினார்.

"தம்பி, பொன்னுருக்கை ஒருக்காத் தள்ளி வைப்பம்."

"எவ்வளவு நாளைக்கு, மாமா?"

அவர் விரல் மடக்கினார். நானும் சேர்ந்து மடக்கினேன். ஆனியில் சாதகத்துக்கு நாள் இல்லை. ஆடியில் கலியாணம் செய்வதில்லை. ஆவணியில் அவளுக்கு ஏதோ கிரகம். புரட்டாசி ஆகாது. பிறகு மழை, அடுத்தது மார்கழி. கடைசி விரல் மடங்கியபோது நாங்கள் தையில் நின்றோம்.

"தைக்குள்ளை எல்லாம் தெளிஞ்சிடும்," என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். "உந்தக் கப்பலிலை வெங்காயம் இருந்தால் என்ரை கொட்டில் முழுக்கக் குப்பை. வெறுங்கையோடை பிள்ளையைக் குடுக்கேலாது. லொறிக்காரனிட்டை இண்டைக்கே வந்த விலைக்குத் தள்ளுறதோ, வைச்சிருக்கிறதோ எண்டும் தெரியேல்லை."

தை! எத்தனை வெள்ளிக்கிழமைகள்! அந்த ரியூப் தாங்குமா? என் வாய் எனக்குத் தெரியாமல் திறந்தது.

"போய்ப் பாப்பம், மாமா."

"எங்கை?"

"கப்பலடிக்கு."

சொன்னது நானா என்று திரும்பிப் பார்த்தேன். கோயில் கேணியில்கூட மேல் படியில் நின்று செம்பால் அள்ளிக் கால் கழுவுகிறவன் நான். வத்தைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாளைக்கு விடியக் கப்பலுக்குக் குடிதண்ணி கொண்டு போறன். ஏறுங்கோ. ஆனால் சும்மா பாக்க வாறம் எண்டால் துறையிலை காவல்காரன் விடமாட்டான். மரக்கறி விக்கப் போறம் எண்டு ஒரு கடகத்தைத் தலையிலை வைச்சுக்கொண்டு வாங்கோ. வயித்தைப் புரட்டிச் சத்தி எடுக்கிறதெண்டால் காத்துப் போற பக்கமாய் எடுக்க வேணும், இப்பவே சொல்லிப்போட்டன்."

மறுநாள் மாமா சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, குடையோடு வந்தார். கடகத்தில் கத்தரிக்காய், பூசணிக்காய், முருங்கைக்காய், மேலே நீர்வேலியிலிருந்து எடுப்பித்த ஒரு கதலிக்குலை.

"வெங்காயம் வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"வெங்காயக் கப்பலுக்கு வெங்காயம் கொண்டுபோய் வெக்கப்படுறதோ?" என்றார்.

கடல் பாய் விரித்ததுபோல் கிடந்தது என்று வத்தைக்காரர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். பாயை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து உதறினார்கள் என்றே எனக்குத் தோன்றியது. கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் என் வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாமா குடையை விரித்துப் பிடித்தபடி கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தார். காற்றில் குடை இழுக்க, குடையோடு மாமாவும் இழுபட, நான் அவருடைய வேட்டித் தலைப்பைப் பிடித்திருந்தேன்.

"இரண்டு பேரும் நல்ல சோடி! ஆர் மாப்பிளை, ஆர் மாமன் எண்டு தெரியேல்லை!" என்று கத்தினார் வத்தைக்காரர்.

பயத்தில் கரைப்பக்கம் திரும்பினேன். அங்கே புகைக்கூண்டு தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அதைக் கடலிலிருந்து பார்க்கிறேன். அது நேராக நிற்கவில்லை. வத்தை ஆட ஆட, புகைக்கூண்டும் ஆடியது, புகை ஆடியது, மாவிட்டபுரம் கோபுரம் ஆடியது, இத்தனை வருடமாக நான் நாடி பிடித்துப் பார்த்த நாடே எனக்கு முன்னால் ஊஞ்சல் ஆடியது. என்னவோ அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துச் சிரித்தேன், பிறகு அதே வயிற்றைப் பிடித்துச் சத்தி எடுத்தேன், காத்துப் போற பக்கமாகத்தான்.

கப்பல் கிட்ட வந்தது. வந்தது என்றால், கறுப்புச் சுவர் ஒன்று கடலிலிருந்து எழும்பி வானத்தை மறைத்தது. சிவப்பு மருந்துக்கும் இல்லை. மாமா குடையை மடக்கி, மூக்கை நீட்டி, கப்பலை மோந்தார்.

"தம்பி! மணக்குது!"

"டீசல், மாமா."

"இல்லையடா, வெங்காயம்! நல்லாய் மணக்குது! முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது!" என்று முகத்தைக் கையால் பொத்தினார். பொத்தியதும், "ஐயோ, இன்னும் கூட மணக்குது!" என்றார்.

வத்தைக்காரர் எட்டி மாமாவின் கையைப் பிடித்துத் தன் மூக்கடியில் வைத்துப் பார்த்தார். "கமக்காரர், உது உங்கடை கை."

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு விசில் சத்தம். கப்பல் விளிம்பில் ஒரு கொழுத்த மனிதன், வெள்ளைத் தொப்பி, இடுப்பில் அழுக்குத் துணி. சமையற்காரன் என்று தெரிந்தது. எந்த நாட்டான் என்று இன்றுவரை தெரியாது. கயிற்றில் ஒரு கூடையை இறக்கினான். வத்தைக்காரர் எங்கள் கடகத்திலிருந்து கத்தரிக்காயும் பூசணியும் குலையும் எடுத்துக் காட்டினார். அவன் வாழைக்குலைக்குத் தலையாட்டினான், மற்றவற்றுக்குக் கையை விரித்தான். பிறகு ஏதோ கேட்டான். எங்களுக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டான். அதுவும் விளங்கவில்லை.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அழத் தொடங்கினான். முகத்தைச் சுளித்து, மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, தோள் குலுங்க அழுது காட்டினான்.

"ஐயோ பாவம்," என்றார் மாமா.

"தாய் செத்திட்டுதாக்கும்," என்றார் வத்தைக்காரர், தலைப்பாகையை அவிழ்த்தபடி. "தந்தி வந்திருக்கும்."

மாமா எழுந்து நின்று, ஆடுகிற வத்தையில் இரண்டு கையையும் கூப்பி, துக்கம் விசாரிப்பதுபோல் தலையைக் குனிந்தார். சமையற்காரன் அழுகையை நிறுத்தி, தொப்பியை எடுத்து மண்டையைச் சொறிந்தான். பிறகு இன்னும் பலமாக அழுதான். இந்தத் தடவை இடதுகை விரல்களை மடக்கிக் கப்பல் விளிம்பில் வைத்து, வலது கையால் அதன் பக்கத்தில் குறுக்கே டக்டக்டக்கென்று வெட்டிக் காட்டி, உடனே மணிக்கட்டின் புறத்தால் கண்ணைத் துடைத்தான்.

மணிக்கட்டின் புறத்தால்! துக்கத்தில் அழுகிறவன் விரலால் துடைப்பான், சால்வையால் துடைப்பான், துடைக்காமலும் விடுவான். விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகப் பயந்து, கையைத் திருப்பி மணிக்கட்டால் துடைக்கிறவன் உலகத்தில் ஒருவன்தான். கடைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட நான் தினமும் சாயங்காலம் அப்படித்தான் நிற்பேன்.

"வெங்காயம்!" என்று கத்தினேன்.

மாமா நடுங்கிப்போனார். "எங்கை? எங்கை கண்டனி?"

"இல்லை மாமா! இல்லை! அவங்களிட்டை இல்லை! அவன் வெங்காயம் கேக்கிறான்!"

மாமா என்னைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். வத்தைக்காரர் தலைப்பாகையை மெல்ல மறுபடி கட்டினார்.

"கமக்காரர்," என்றார், "வயித்துக்குள்ளை வெங்காயத்தை நிரப்பிக்கொண்டு வந்தவன், கரையிலை வெங்காயம் கேட்டு அழுவானே?"

மாமாவின் முகத்தில் அந்தச் செய்தி இறங்கியதை நான் பார்த்தேன். முதலில் வாய் திறந்தது. பிறகு ஒரு சிரிப்பு, செம்மண்ணிலிருந்து மண்வெட்டியால் கிளப்பியதுபோல், அடியிலிருந்து வந்தது. சிரித்தார், இருந்து சிரித்தார், எழும்பிச் சிரித்தார், கையை உயர்த்தியபோது குடை பறந்து கடலில் விழுந்து, தலைகீழாக மிதந்து, சின்ன வள்ளமாகப் போனது. "போகட்டும்! போகட்டும் விடு!" என்று அதற்கும் சிரித்தார். சமையற்காரனுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவனும் சிரித்தான். கதலிக்குலைக்குப் பதிலாக ஒரு தகரம் பிஸ்கற் கூடையில் வந்தது. வெங்காயம் அடுத்த நடையில் வரும் என்று மாமா கடலைப் பார்த்துக் கையால் எல்லாத் திசையிலும் காட்டினார்.

திரும்பி வரும்போது எங்கள் இருவருக்கும் சத்தி வரவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, உனக்கு உது எப்பிடிப் பிடிபட்டது?"

"நான்தானே சமைக்கிறனான், மாமா."

"வெங்காயம் அரிவியோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"கண் எரியுமோ?"

"மற்ற ஊர் வெங்காயம் சும்மா கடிக்கும். உங்கடை எண்டால் எரியும்."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, வத்தைக்காரருக்குக் கேட்காமல், "நான் ஒரு நாளும் அரிஞ்சதில்லை," என்றார். "நட்டன், தண்ணி கட்டினன், கிண்டினன், கட்டித் தூக்கினன், வித்தன். அரியிறது குசினியிலை. நான் குசினிப் பக்கம் போனதில்லை." வேட்டியில் பூத்த உப்பைத் தட்டிவிட்டார். "புதன்கிழமை எத்தினை மணிக்குப் பொன்னுருக்கு?"

பொன் உருகியது. நகை ஆசாரியார் நெருப்பை ஊத, அது மஞ்சளாக நெளிந்து ஒரு துளியாக உருண்டபோது என் தலையும் அதோடு சேர்ந்து சுற்றியது. அதற்குப் பிறகு கலியாணம்வரை மாப்பிள்ளை வெளியே போகக் கூடாது என்பது வழக்கம். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குள் இருந்தபடி புகையைப் பார்க்காமல் சில நாள் வாழ்ந்தேன். நாடு எந்த நிலையில் இருந்ததோ எனக்குத் தெரியாது. நான் நன்றாக இருந்தேன்.

கப்பல் மூடி திறந்தபோது உள்ளே கோதுமை மா இருந்ததாம். வத்தைக்காரர் ஒரு கிழமை தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகத் திரிந்தார். மாமா அவசரப்படாமல் கொட்டிலைக் கழற்றி, நல்ல விலைக்கு விற்றார். உண்மையைச் சொன்னால் வெங்காயம் வராமல் இருக்கவில்லை. நாங்கள் கண் வைத்திருந்த கடலை விட்டுவிட்டு, கண்ணுக்கெட்டாத கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, லொறியில் ஏறித் தரைவழியாக வந்தது. ஆனால் அது வரும்போது எங்கள் கலியாணம் முடிந்து, நான் கட்டுவன் வீட்டில் மருமகனாகக் குடியேறி, அடுத்த போகத்துக்கு வெங்காயத்தைக் குறைத்துப் புகையிலை வைப்பதா என்று மாமாவும் நானும் ஒரே வாங்கில் இருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். சேர்ந்து கவலைப்படுவதில் உள்ள சுகம் தனியே கவலைப்படுவதில் கிடையாது.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் பெண் வீட்டில் நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். அயலட்டைப் பெண்கள் பந்தலுக்குப் பின்னால் இருந்து அடுத்த நாள் சமையலுக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். வெங்காயம் மட்டும் குவியலாக இருந்ததாம். மாமா வந்து, சால்வையை மடித்துப் பக்கத்தில் வைத்து, சப்பணம் கட்டி இருந்து, "கத்தி ஒண்டு தாங்கோ பிள்ளை," என்றாராம். கத்தியை வாங்கி முதல் வெங்காயத்தை அரிந்தாராம். இரண்டாவதில் கண்ணீர் வந்ததாம். விரலாலேயே துடைத்தாராம், பிறகு கேட்க வேண்டுமா!

"பாவம், பிள்ளை பிரியிற கவலை," என்றாளாம் ஒரு சின்னம்மா.

"நான் எங்கை பிரியிறன்?" என்றாளாம் இவள். "வாறது அவரெல்லோ!"

"சும்மா இருங்கோ எல்லாரும்," என்றாராம் மாமா, கண் இரண்டும் கொவ்வைப் பழமாக. "நான் என்ரை வெங்காயத்தைப் பரிசோதிக்கிறன். அவன் சொன்னது சரி. எரியுது." குவியல் முடியும்வரை எழும்பவில்லையாம்.

மறுநாள் நான் ஊர்வலமாகப் போய் வாசலில் இறங்கினபோது, என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக மாமா நின்றார். பட்டு வேட்டி, புதுக் குடை. கண்கள் இன்னும் வீங்கிச் சிவந்திருந்தன. மேளம் முழங்கியது. எனக்குப் பின்னால் நின்ற வத்தைக்காரர், தன் குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர், என் காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"தம்பி, பார். சிவப்புத் தெரியுது. கமக்காரர் பாரம் இறக்கிப்போட்டார்!"

மேளக்காரர் தடுமாறினார். ஐயர் திரும்பி முறைத்தார். நான் மாப்பிள்ளைக்கு ஆகாத சிரிப்பைச் சிரித்துக்கொண்டு மாமாவின் கையைப் பிடித்தேன். அந்தக் கையில் வெங்காயம் மணத்தது.